மூச்சை எண்ணினால் நாலைத் தாண்ட முடியவில்லை, எங்கே தப்பு?

மெய்ப்புக்காரன்:

வணக்கம். புத்தகங்களுக்கு ப்ரூஃப் பார்ப்பது என் தொழில். 22 வருடமாக இதேதான். ரகரம் வரவேண்டிய இடத்தில் றகரம் வந்திருக்கிறதா, ஒற்று மிகுமா மிகாதா என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, தெருவில் ஒரு பெயர்ப் பலகையைக்கூடத் திருத்தாமல் தாண்ட முடியாத நிலைக்கு வந்துவிட்டேன். கவனம்தான் என் பிழைப்பு. அந்தக் கவனத்தைப் பற்றியே கேட்க வந்திருக்கிறேன்.

மூன்று மாதம் முன்னால் ஒரு புத்தகம் அச்சாகி வந்தது. பிரித்தால் முதல் தலைப்பே 'முன்னுறை'. முன்னுரை என்று இருந்திருக்க வேண்டும். மூன்று சுற்று பார்த்த ப்ரூஃப் அது. அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் இருந்த காற்புள்ளியைக்கூட விடவில்லை, கொட்டை எழுத்தில் இருந்தது கண்ணில் படவில்லை. நூலாசிரியர் நல்ல மனிதர். "புத்தகத்துக்கு முன்னால் ஓர் உறை இருக்கத்தானே செய்கிறது" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் என்னையே கவனிக்க ஆரம்பித்தேன். கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கியதும், பூட்டினேனா என்று மறுபடி ஏறிப் போய் இழுத்துப் பார்க்கிறேன். வண்டியை நிறுத்திய பிறகு யோசித்தால் வந்த வழி ஞாபகத்தில் இல்லை. ஒரு நாள் மகள் பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, "நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லுங்கப்பா" என்றாள். கடைசி வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். அதற்கும் கோபித்துக்கொண்டு எழுந்து போனாள். கோபம் நியாயம்தான். காதில் விழுந்ததை எடுத்துக் கொடுத்தேனே தவிர, எதையும் கேட்டிருக்கவில்லை.

ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது டாக்டர், "மைண்ட்ஃபுல்னெஸ் செய்து பாருங்கள்" என்றார். இப்போது நடப்பதிலேயே மனதை இருக்கப் பழக்கும் பயிற்சியாம். செயலி ஒன்றை இறக்கிக்கொண்டேன். உட்கார்ந்து மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும், மறுபடி ஒன்று. இன்றோடு 41 நாள். நாலைத் தாண்டியதே அபூர்வம். அப்படித் தாண்டினால் பதினேழு, இருபத்து மூன்று என்று எங்கேயோ போய் நிற்கிறேன், பத்தில் நிறுத்தவேண்டும் என்பதே மறந்துவிடுகிறது. செயலியில் வரும் குரல், "எண்ணங்களை மேகங்களைப் போலக் கடந்துபோக விடுங்கள்" என்கிறது. என் எண்ணங்கள் எதுவும் மேகம் மாதிரி வருவதில்லை. நாளைக்குள் முடிக்கவேண்டிய ப்ரூஃப் கட்டு மாதிரி வந்து மேசையில் உட்கார்ந்துகொள்கின்றன.

நான் செய்வதில் ஏதாவது தப்பா? அல்லது இது சிலருக்கு ஒத்தே வராதா? உட்காராமல் செய்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நடையன்:

உட்காராமல் செய்கிறவன் நான். தினமும் இருபது நிமிடம் நடை, காதில் எதுவும் மாட்டுவதில்லை. குதிகால் படுகிறது, முன்பாதம் படுகிறது, தூக்குகிறேன். அதை மட்டும் பார்ப்பேன். மெதுவாக நடக்கச் சொல்வார்கள், எனக்கு மெதுவாக நடந்தால் எரிச்சல் வருகிறது, வழக்கமான வேகம்தான். முதலில் அந்தச் செயலியைத் தூக்குங்கள். 41 நாள் என்று எண்ணிக்கொண்டிருப்பதே ஒரு பாரம்.

இரவுப்பணி:

மெய்ப்புக்காரன் சார், நான் செவிலியர். தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரும்பாலும் நைட் டியூட்டி. நீங்கள் செய்வதில் தப்பு எதுவும் இல்லை. இருபத்து மூன்றில் முழித்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் பத்தில் நிறுத்தச் சொல்வது. எண்ணிக்கை பழகிப்போனால் ஆள் இல்லாமலே ஓட ஆரம்பித்துவிடும். மூச்சை வெளியே விடும்போது மட்டும் எண்ணுங்கள். தவறினால் ஒன்றுக்குத் திரும்புங்கள். எத்தனை வரை போனோம் என்பதற்கு மார்க் கிடையாது.

எங்கள் மருத்துவமனையில் ஊழியர்களுக்காக எட்டு வார வகுப்பு ஒன்று நடத்தினார்கள். ஜான் கபாட்-ஸின் என்பவர் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய பயிற்சியின் வழியில் வந்தது. தீராத வலியோடு இருந்தவர்களுக்காக ஆரம்பித்தார் என்று சொன்னார்கள். வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினம் முக்கால் மணி நேரம். முதல் வகுப்பில் ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, அதைப் பார்ப்பதற்கும் முகர்வதற்கும் உருட்டுவதற்குமே பத்து நிமிடம் ஆக்கினார்கள். நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்திருந்த எனக்கு அழுகை வராத குறை. அப்புறம் படுத்துக்கொண்டு கால் விரலில் தொடங்கி உச்சி வரைக்கும் ஒவ்வொரு பாகமாகக் கவனித்துக்கொண்டு போகும் பயிற்சி. இரண்டு வாரம் வரை நான் முழங்காலைத் தாண்டவில்லை. அதற்குள் குறட்டை. ஆகவே உங்கள் நாலைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது, கோபிக்காதீர்கள்.

இன்னொன்று. எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா. மூச்சைக் கவனி என்றாலே நெஞ்சு இறுக ஆரம்பிக்கும், நானாக இழுத்து விட ஆரம்பித்துவிடுவேன். மூன்றாவது வாரம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "சரி, மூச்சை விட்டுவிடுங்கள், பாதம் தரையில் படுவதைப் பாருங்கள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார் ஆசிரியர். மூச்சுதான் வேண்டும் என்று சட்டம் கிடையாதாம். எப்போதும் கூடவே இருக்கிறது என்பதால் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். பாதம், கை, காதில் விழும் சத்தம், எதுவானாலும் சரி.

வகுப்பு முடிந்த பிறகு முக்கால் மணி நேரமெல்லாம் என்னால் முடியவில்லை. எனக்குத் தங்கியது கை கழுவுவது மட்டும்தான். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும் முன் கை சுத்தம் செய்தே ஆகவேண்டும். மருந்துத் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை என்று எண்ணியதில்லை. முன்பெல்லாம் அந்த நேரம் முழுக்க அடுத்த கட்டிலின் டிரிப்பிலேயே மனசு இருக்கும். இப்போது குழாயைத் திறந்ததும் முதலில் வரும் தண்ணீரைப் பார்க்கிறேன். குழாய்க்குள் நின்ற தண்ணீர் ஒரு சூட்டில் வரும், நாலைந்து விநாடியில் அது மாறும். அந்த மாற்றம்தான் எனக்கு மணி அடிக்கிற மாதிரி. அப்புறம் விரலிடுக்கில் நுரை வழுக்குவது. கட்டைவிரலை மறு கையால் பிடித்துச் சுழற்றுவது, பலர் தவற விடுவது இதைத்தான். கடைசியில் காகிதத் துண்டு ஈரம் பட்ட இடத்தில் கிழிவது. அதோடு முடிந்தது, அடுத்த கட்டில். பாதி நாள் இதுவும் நடக்காது. துடைத்து முடித்த பிறகுதான், அடடா கழுவிவிட்டேனே என்று தெரியும்.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். ப்ரூஃப் பார்க்கும்போது கவனம் போய்விட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்ததும் என்ன செய்வீர்கள்?

சந்தேகப்பிராணி:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

மனம் அலைவது நோய் அல்ல. 2010இல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரண்டு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2,250 பேரை அவரவர் ஃபோன் வழியாக நாளின் பல நேரங்களில் இடைமறித்து, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். 46.9 சதவீதம் வேளைகளில் வேறெங்கோ இருந்தது. ஏறத்தாழ பாதி. அலையும்போது மகிழ்ச்சி குறைவாக இருந்தது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் நாலில் தவறுகிறவர் நீங்கள் மட்டும் இல்லை என்பதற்கு இது போதும்.

அடுத்தது, பலன். 2014இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில், தியானப் பயிற்சிகள் பற்றிய 47 பரிசோதனைகளை, மொத்தம் 3,515 பேர், ஒன்றாக வைத்து அலசினார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி இவற்றில் ஓரளவு பலன் உண்டு. உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிட மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உங்களுக்கு வேண்டிய செய்தி இனிமேல்தான்: கவனம் கூடும் என்பதற்கும் அதில் போதிய ஆதாரம் இல்லை. 2022இல் பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்த பெரிய பரிசோதனையின் முடிவு வந்தது. மாணவர்களின் மனநலத்தைப் பொறுத்தவரை மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு வழக்கமான வகுப்புகளைவிட மேலாக இல்லை. மாணவர்களில் பலர் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, 'முன்னுறை' தியானத்தால் போகாது. தலைப்புகளை மட்டும் பார்க்க ஒரு தனிச் சுற்று வையுங்கள். அதையும் வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மகள் விஷயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

மெய்ப்புக்காரன்:

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. தனிச் சுற்று யோசனை எனக்கே தோன்றியிருக்கவேண்டும். நாளை முதல் உண்டு.

சிஸ்டர், உங்கள் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. அதனால் இன்று வேலையில் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

எங்கள் வேலையில் வரிக்குக் கீழே ஓர் அளவுகோலை வைத்துக்கொள்வோம். ஒரு வரி முடிந்ததும் கோலை ஒரு வரி இறக்கவேண்டும். கவனம் போனாலும் கோல் நிற்காது. கை அதுபாட்டுக்கு இறக்கிக்கொண்டே இருக்கும், கண்ணும் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் படு மும்முரமாகத் தெரிவார். இன்று அப்படி ஒரு பக்கத்தின் பாதி வரை போயிருந்தேன். 'கருப்பு' என்ற சொல் வந்தது. இது 'கறுப்பு' அல்லவா என்று பென்சிலை எடுத்தபோதுதான், யார் எதைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை என்று உறைத்தது. அதற்கு முன்னால் வீட்டு மோட்டார் பழுதைப் பற்றி ஒருவரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது என்ன செய்தேன்? எப்போதும் செய்வதுதான். கோலை மேலே ஏற்றினேன். உண்மையிலேயே படித்ததாக ஞாபகம் இருக்கும் கடைசி வாக்கியம் எது என்று தேடினேன். ஒன்பது வரி மேலே இருந்தது. அதிலிருந்து மறுபடி. இதில் திட்டிக்கொள்வது, வருத்தப்படுவது எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது இதைச் செய்வேன் என்று நினைக்கிறேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடமே இதுதான்: போனது தெரிந்தால் கோலை ஏற்று, கூச்சப்படாதே.

இதை எழுதும்போதுதான் மூச்சுப் பயிற்சியில் நான் இதைச் செய்வதே இல்லை என்று தெரிகிறது. அங்கே தவறினால் 41 நாளும் வீண் என்று என்மேலேயே எரிந்து விழுகிறேன்.

தொழில் புத்தியில் அகராதியையும் புரட்டினேன். இந்தப் பயிற்சிக்கு, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் 'சதி' என்று பெயராம். நம் வழக்கில் இருக்கும் சதி இல்லை, பயப்படாதீர்கள். வடமொழி ஸ்மிருதியின் பாலி வடிவம், நினைவு என்று பொருள். 1881இல் ரீஸ் டேவிட்ஸ் என்ற அறிஞர் ஆங்கிலத்தில் அதை மைண்ட்ஃபுல்னெஸ் என்று பெயர்த்தார், அப்படியே நிலைத்துவிட்டது. நாம் இப்போது விழிப்புணர்வு, மனநிறைவு, நினைவாற்றல் என்று ஆளுக்கொன்று போடுகிறோம். மனநிறைவு சுத்தமாகத் தப்பு, அது திருப்தி. எனக்கு வெறும் 'நினைவு' போதும் என்று படுகிறது. மயங்கி விழுந்தவருக்கு 'நினைவு திரும்பியது' என்கிறோம். பழசை மறக்காமல் இருப்பதற்கும் அதே சொல், இப்போது முழித்திருப்பதற்கும் அதே சொல். "வேற நினைப்புல பூட்டாம வந்துட்டேன்" என்று சொல்லும்போதும் அந்த வேர்தான்.

இரவுப்பணி:

கோலை ஏற்றுவது. சார், என் ஆசிரியர் எட்டு வாரம் சொன்னதை நீங்கள் உங்கள் ஆட்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறீர்கள். இதை எங்கள் வார்டில் சொல்லப்போகிறேன், அனுமதி கேட்கவில்லை.

பத்துநாள்:

யாரையும் பயமுறுத்த எழுதவில்லை, ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது நேராகப் பெரிய முகாமுக்குக் கிளம்பிவிடக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் பத்து நாள் மௌன முகாம் ஒன்றுக்குப் போனேன். விடியற்காலை நாலு மணிக்கு மணி, ஒரு நாளில் ஏறக்குறைய பத்து மணி நேரம் உட்காரவேண்டும், பேசக்கூடாது, எழுதக்கூடாது. முதல் மூன்று நாள் மூக்கின் நுனியில் மூச்சு மட்டும். எனக்கு அது அருமையாக இருந்தது. ஆறாவது நாள் மதியம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது, அப்பா இறந்த இரவு அப்படியே வந்துவிட்டது. ஞாபகம் என்று சொல்லமுடியாது, அந்த அறையிலேயே இருந்தேன். கை நடுக்கம் நிற்கவில்லை. அங்கிருந்த தொண்டரிடம் சொன்னதற்கு, "அதையும் கவனியுங்கள், கடந்துபோகும்" என்றார். கவனித்தேன். கடக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மூன்று வாரம் சரியான தூக்கம் இல்லை. ஒரு மனநல மருத்துவரிடம் போய்த்தான் சரியானது.

கூட உட்கார்ந்த பலருக்கு அந்தப் பத்து நாள் நன்றாகவே இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தியானத்தில் வரும் இந்த மாதிரிச் சிரமங்களை வில்லோபி பிரிட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் போன்றவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதுவரை எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்தே நிமிடம். மின்விசிறிச் சத்தத்தைக் கேட்பேன். ஏதாவது கிளம்பினால் எழுந்துவிடுவேன். பெரிய துக்கம் ஒன்றைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் தனியாக நீண்ட நேரம் உட்காராதீர்கள், கேட்டுக்கொள்கிறேன்.

சந்தேகப்பிராணி:

பத்துநாள், எழுதியதற்கு நன்றி. பலனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதே இல்லை. நான்கூட மேலே எழுதும்போது விட்டுவிட்டேன்.

மெய்ப்புக்காரன்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். யாராவது இன்னும் இந்தப் பக்கம் வருகிறீர்களா தெரியவில்லை.

செயலியை எடுத்துவிட்டேன். காலையில் பத்து நிமிடம் உட்காருகிறேன், சில நாள் விட்டுப்போகிறது. இன்னும் நாலு, ஐந்துதான். ஒரே ஒரு நாள் ஒன்பது வரை போனேன், ஆகா ஒன்பது என்று சந்தோஷப்பட்டதில் பத்து போய்விட்டது. தவறினால் கோலை ஏற்றுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். எரிச்சல் குறைந்திருக்கிறது. ரத்த அழுத்தம் அடுத்த மாதம்தான் பார்க்கவேண்டும்.

தலைப்புச் சுற்று வைத்ததில் இரண்டு பிழை மாட்டின. ஒன்று அட்டையிலேயே. சந்தேகப்பிராணிக்கு நன்றி, தியானத்துக்கு இதில் பங்கில்லை.

பூட்டு விஷயம் கொஞ்சம் சுவாரசியம். பூட்டும்போது சாவி திரும்பி, உள்ளே நாக்கு விழும் சத்தத்தைக் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். என் பூட்டில் இரண்டு சத்தம் வருகிறது, முதலில் ஒரு உரசல், அப்புறம் கனமாக ஒரு டக். இத்தனை வருடத்தில் இரண்டு என்று எனக்குத் தெரியாது. அந்த டக் கேட்ட நாட்களில் திரும்பி ஏறுவதில்லை. கேட்காத நாட்களில் ஏறத்தான் செய்கிறேன், வாரத்தில் இரண்டு நாளாவது.

மகளிடம் போன செவ்வாய்க்கிழமை நடந்தது. நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் போய்விட்டேன். எங்கே போனேன் என்றுகூட நினைவில்லை, ஆனால் போனது தெரிந்தது. பழைய ஆளாக இருந்தால் தலையை ஆட்டிக்கொண்டே கடைசி வாக்கியத்தைப் பிடித்து வைத்திருப்பேன். "நில்லும்மா. உன்னை வெளியில உட்கார வெச்சாங்கங்கற வரைக்கும் கேட்டேன். அப்புறம் போயிட்டேன். அதுலேர்ந்து சொல்லு" என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். "அப்ப அந்த ரெண்டாவது ஆள் கேட்ட கேள்வியே கேக்கலையா நீங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வெளியில் உட்கார வைத்த இடத்திலிருந்து ஆரம்பித்தாள். அதற்குள் இன்னும் இரண்டு தடவை கோலை ஏற்றவேண்டி வந்தது. இரண்டாவது தடவை அவளே, "எங்க விட்டீங்க?" என்று கேட்டாள்.

சிஸ்டர், நீங்கள் சொன்ன மாதிரி கை கழுவிப் பார்த்தேன். இடது கட்டைவிரலைத் தொடுவதே இல்லை. 22 வருடமாக விட்டிருப்பேன் போலிருக்கிறது.